தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வெள்ளி

நிகானோர் பெசாரெஸ் அந்த வாரம் முழுக்கக் கடையைத் திறந்தாரே தவிர, வேலை என்று ஒன்றும் பார்க்கவில்லை. இராபுவாத்தோ என்ற ஊரின் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். வந்தவர்களின் கண்ணைச் சோதிக்க வேண்டிய மனுஷர், தெருவில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று எழுந்து ஓடினார். புதன்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சர் கருவியில் முகவாயை வைத்தபடி கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கழுத்து பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கண்ணாடியும் வாங்கவில்லை.

ஒரே ஒரு காசுக்காகத்தான் இத்தனை பாடு. ஒரு அவுன்ஸ் வெள்ளி. ஒரு பக்கம் சிறகு விரித்த பெண், மறுபக்கம் பாம்பைக் கவ்விய கழுகு, கீழே 1998 என்று வருஷம்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு யாரெட்சிக்குக் கல்யாணம். யாரெட்சி எதிர்வீட்டுப் பெண், ஞானஸ்நானத்தில் நிகானோர் ஏற்றுக்கொண்ட ஞானமகள். கேக் ஒருவர் செலவு, மோதிரம் ஒருவர் செலவு, பாட்டுக்காரர்கள் ஒருவர் செலவு என்று உறவுக்காரர்கள் பங்கு பிரித்துக்கொண்டபோது, மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டும் பதின்மூன்று காசுகள் தன் பொறுப்பு என்று மேஜையைத் தட்டிச் சொன்னவர் நிகானோர். மற்றவர்கள் கோயில் வாசல் கடையில் விற்கும் முலாம் பூசிய தகரக் காசுகளை வாங்கிக்கொண்டு போவார்கள். அது அவருக்கு ஆகாது. இருபத்தைந்து வருஷமாக வெள்ளி சேர்க்கிற ஆள், ஞானமகள் கையில் தகரம் விழ விடுவாரா?

அதோடு நின்றிருந்தால் தேவலை. அவருடைய ஆல்பத்தில் வருஷத்துக்கு ஒரு காசு என்று வரிசையாக இருக்கும். தொண்ணூற்றெட்டுக்கான குழி மட்டும் காலி. அந்த வருஷம் காசு குறைவாகத்தான் அடித்தார்கள், கையில் வைத்திருப்பவர்கள் விடுவதில்லை. யாரெட்சி பிறந்ததோ சரியாக அதே வருஷம். ஆறு வயதில் அவள் அந்தக் குழியில் விரலை விட்டு, "பாத்ரினோ, என் வருஷம் எங்க?" என்று கேட்டாள். ஞானத்தகப்பனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இவர் அந்த நேரத்துக்குத் தப்பிக்க, "உன் கல்யாணத்துக்கு வந்துடும் மகளே" என்று சொல்லிவைத்தார். பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்திருப்பார் போல. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் வந்து அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், நிச்சயம் ஆன அன்றும் வந்து தொட்டாள். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தாள். அதுதான் நிகானோரை ஒரு வழி பண்ணியது.

ஆகவே பதின்மூன்று காசுகள் என்றால் தொண்ணூற்றெட்டில் தொடங்கி இரண்டாயிரத்துப் பத்து வரை, வருஷத்துக்கு ஒன்று. பன்னிரண்டு தயார். முதலாவது இல்லை.

"கிழவா, தொண்ணூத்தேழுல ஒண்ணை வெச்சுட்டுப் போயேன்" என்றாள் மனைவி லெயோனிலா. "சாமியாரு என்ன பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப்போறாரு?"

"அவரு பாக்க மாட்டாரு. அவ பாப்பா."

லெயோனிலா கையை விரித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். யாரெட்சியை அவளுக்கும் தெரியும்.

மூன்று மாசம் தேடி, கடைசியில் காசு கிடைத்தது. வஹாக்காவில் இருக்கும் தோன் எலெவுதேரியோ, அதாவது எலெவுதேரியோ ஐயா, என்பவரிடம். பேஸ்புக்கில் 'வெள்ளிப் பைத்தியங்கள்' என்று ஒரு குழு. நாலாயிரம் பைத்தியங்கள் அதில் உண்டு. எலெவுதேரியோ அதில் பழைய கை. அதிகம் பேச மாட்டார், அவர் அனுப்பிய காசு வழியில் தொலைந்ததாகவும் சரித்திரம் இல்லை.

வெள்ளி வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அது வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். வெள்ளி என்று சொன்னால் பார்சல் கம்பெனிக்காரர்கள் பெட்டியைத் தொடவே மாட்டார்கள். அதனால் எல்லாரும் ஒரு பொய் சொல்வார்கள்: கடிகார உதிரி பாகம், ஜெபப் புத்தகம், மூட்டுவலித் தைலம். அடுத்தது சத்தம். காசு உள்ளே குலுங்கினால் வழியில் எந்தக் காதாவது கேட்டுவிடும், பிறகு பெட்டி வரும், காசு வராது. மொந்தெர்ரேயிலிருந்து நிகானோருக்கு ஒரு பெட்டி வந்தது. ஒட்டு ஒட்டியபடி இருந்தது, முத்திரை முத்திரையாகவே இருந்தது, உள்ளே அரைக் கட்டி சலவை சோப்பு இருந்தது. இன்னொரு தடவை இவரே ஒன்றை அனுப்பப் போனபோது கவுண்டர்காரன் பெட்டியைத் தராசில் தொப்பென்று போட்டான். 'டிங்' என்றது.

"உள்ள என்ன சார்?"

"மூக்குக் கண்ணாடி."

"கண்ணாடி இப்படியா சார் பாடும்?"

அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர்தான். அதன் பிறகு ஒரு காசுக்கு இருபது முழம் ஒட்டுத்தாள் சுற்றுகிறார்.

இதனாலெல்லாம் குழுவில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும். முத்திரை கிழிவதிலிருந்து காசு வெளியே வருவது வரை நடுவில் நிறுத்தாமல், வெட்டாமல், ஒரே மூச்சில். வீடியோ இல்லாதவன் பிறகு என்ன கத்தினாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

எலெவுதேரியோ போன வாரமே அனுப்பிவிட்டார். 'ரெலாம்பகோ' என்ற கம்பெனி மூலமாக. மின்னல் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆமை மாதிரி வருகிறவர்கள். செவ்வாய்க்கிழமை நிகானோர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே கைபேசியில் செய்தி வந்தது: 'வந்தோம், ஆள் இல்லை.' புதன்கிழமை: 'முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை.' அந்த வேன் ஓட்டுகிறவன் மூக்கில் இருப்பதே நிகானோர் போட்டுக்கொடுத்த கண்ணாடி. வியாழக்கிழமை: 'முயற்சிகள் முடிந்தன. கிடங்கில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் இருந்த கிடங்குக்கு அன்றே ஓடினார். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். கவுண்டரில் இருந்த அம்மாள் தோன்யா பிரிகிதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன மாசமே காலாவதி."

"நான் காலாவதி ஆகலையே அம்மா! படத்துல இருக்கற மூஞ்சி இதானே?"

"மூஞ்சி எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாது தோன் நிகானோர். வாக்காளர் அட்டை கொண்டுவாங்க."

பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் கண்ணுக்குத் தெரிந்தது. கை நீட்டினால் எட்டாத தூரம். நிகானோர் அன்று சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாக்காளர் அட்டையோடு மறுபடி போய் நின்றார். மழை வருகிற மாதிரி மூட்டம். பிரிகிதா அட்டையைப் பார்த்தாள், கையெழுத்து வாங்கினாள், பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் பதமாக வைத்தாள்.

"மேல சாக்லேட்னு எழுதியிருந்துச்சு. இந்த வெக்கையில உருகிடக் கூடாதேன்னு நாலு நாளா ஃபேனுக்குக் கீழயே வெச்சிருந்தேன்" என்றாள்.

நிகானோருக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நேற்று வாய்க்கு வந்தபடி திட்டிய பெண், தன் பெட்டிக்குக் காற்று போட்டிருக்கிறாள். ஆனால் வெட்கப்பட நேரமில்லை. நாலு நாள் காத்திருந்த பெட்டி கையில் இருக்கும்போது வீடு வரை பொறுக்க அவரால் ஆகாது. "இங்கயே பிரிச்சுக்கறேன், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கைபேசியைத் தராசில் சாய்த்து வைத்து வீடியோவைத் தட்டினார்.

"நண்பர்களே, இது தோன் எலெவுதேரியோ அனுப்பினது. முத்திரையப் பாருங்க, அப்படியே இருக்கு. இதோ கிழிக்கிறேன்."

கிழித்தார். மேலே பழைய செய்தித்தாள். அதற்குக் கீழே காகிதத்தில் உருளையாகச் சுற்றிய சாக்லேட், பாலில் போட்டுக் கடைகிற வட்ட வட்டமான கட்டி வில்லைகள், ஆறு. இலவங்கப்பட்டை வாசனை கவுண்டர் முழுக்க அடித்தது.

இது கொசுறு. கொசுறு இல்லாமல் அந்தக் குழுவில் ஒரு காசும் பயணம் போகாது. கடலை மிட்டாய் வைப்பார்கள், காய்ந்த மிளகாய் வைப்பார்கள், செலாயாக்காரர்கள் ஆட்டுப்பால் இனிப்பு வைப்பார்கள். வாங்கியவர் கணக்குக்கு மேலே ஒரு பிடி போட்டால்தான் விற்றவருக்கு மரியாதை. நிகானோரே எத்தனையோ பேருக்குக் கண்ணாடி துடைக்கும் துணியைக் கொசுறாக வைத்து அனுப்பியிருக்கிறார்.

"தோன்யா பிரிகிதா, இது உங்களுக்கு" என்று உருளையை அவள் பக்கம் தள்ளினார். "நேத்து பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. மழை வரப்போவுது, எல்லாரும் போட்டுக் குடிங்க."

"ஐயோ, எதுக்கு..." என்றவள் வாசனை பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

பெட்டிக்கு அடியில் இருந்தது சரக்கு. கனமான அட்டை, அதன் மேல் ஒட்டுத்தாள், அதன் மேல் இன்னும் ஒட்டுத்தாள். கத்தரியால் வெட்டினார், பல்லால் கடித்தார். "வருது... வருது நண்பர்களே..." அட்டை பிளந்தது. உள்ளே கைக்கு அடங்கும் ஒரு பொட்டலம். பிரித்தார்.

மூன்று இரும்பு வாஷர். லாரிச் சக்கரத்தில் போடுகிற மாதிரி.

நிகானோர் பெட்டியைக் கவிழ்த்தார். செய்தித்தாளை உதறினார். அட்டையை நார் நாராகக் கிழித்தார். வேறு ஒன்றுமில்லை. பிறகு கோபம் வந்தது, அவருக்கே புதிதான கோபம். வாஷர்களைக் கேமரா முன்னால் பிடித்து, "பாத்துக்குங்க! பாத்துக்குங்க இந்த யோக்கியனோட வண்டவாளத்தை! நாளைக்கு என் புள்ளைக்குக் கல்யாணம்! திருடன்! வஹாக்கா திருடன்!" என்று கத்தினார். காரில் ஏறி உட்கார்ந்து, அந்த வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே குழுவில் போட்டார். மேலே 'எலெவுதேரியோ ஒரு மோசடிக்காரன்' என்று எழுதினார். கைபேசியை அணைத்தார்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர்வீட்டில் உறவுக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம், சிரிப்பு. யாரெட்சியின் குரலும் கேட்டது. அவளிடம் என்ன சொல்வது? இருபது வருஷம் நம்ப வைத்துவிட்டு, கடைசி நாள் மூன்று வாஷரோடு வந்து நிற்கிறான் ஞானத்தகப்பன். அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

லெயோனிலா அவர் கைபேசியை எடுத்து உயிர் கொடுத்தாள். அது துள்ளத் தொடங்கியது. ஒன்று, பத்து, நூறு என்று செய்திகள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"கிழவா."

"என்ன?"

"நீ அந்தப் பொம்பளைகிட்ட சாக்லேட்டைத் தூக்கிக் குடுத்தியா?"

"கொசுறுதானே. குடுத்தேன். இப்ப அதுவா முக்கியம்?"

"கேளு. 'முட்டாளே, சாக்லேட்டு எங்கே?' இது தபாஸ்கோக்காரரு. 'ஐயா, அவரு எப்பவும் சாக்லேட்டுக்குள்ளதான் வெச்சு ஊத்துவாரு, வாஷர் திருடனுக்கு.' இது ஒருத்தி. 'நாலாவது நிமிஷத்தப் பாருங்க, தன் கையாலயே குடுக்கறான்.' இதுக்கு முந்நூறு பேர் சிரிச்சு வெச்சிருக்காங்க."

நிகானோர் எழுந்து நின்றார்.

"எலெவுதேரியோ என்ன சொல்றாரு?"

"ஒரே வரி. 'பிரிப்பதற்கு முன் கூப்பிடு என்று எழுதியிருந்தேனே'ன்னு."

எழுதியிருந்தார். நிகானோர் அதைச் செவ்வாய்க்கிழமை படித்தார். படித்துவிட்டு, பெரியவர் நன்றி கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, காசு கைக்கு வந்ததும் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டார். மற்றவர்கள் திருட்டுக் கொடுத்ததைப் பார்த்துப் பாடம் படித்த எலெவுதேரியோ, திருடனுக்கு என்று கனமாக ஒரு பொட்டலத்தை அடியில் வைத்து, நிஜத்தை எல்லார் கண்ணெதிரிலும் மேலே வைத்திருக்கிறார். வழியில் எந்தத் திருடனும் ஏமாறுவான். ஏமாந்தவர் வாங்கினவர்!

"மழை வந்தா போட்டுக் குடிங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் நிகானோர். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் சடசடவென்று மழை விழுந்தது.

இரண்டு பேரும் காருக்கு ஓடினார்கள். லெயோனிலாவின் தலையில் கல்யாணத்துக்காகச் சுருட்டிவிட்ட பிளாஸ்டிக் உருளைகள் அப்படியே இருந்தன. ஒருத்தரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பழைய கார் தெருவில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்தது, பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல்.

"கிடங்குக்குப் போன் பண்ணு!"

"பண்ணிட்டேதான் இருக்கேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது'ன்னு ஒருத்தி பாடிட்டே இருக்கா."

"அடுப்புல வெச்சிருப்பாங்களோ?"

"நீ குடுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு கிழவா. வெச்சு, எறக்கி, கப்பையும் கழுவியிருப்பாங்க."

"ஒனக்கு ஆறுதல் சொல்லவே வராதா?"

"ஆறுதல் சொன்னா ரயில் சீக்கிரம் போயிடுமா? அதோ கடைசிப் பெட்டி, மிதி!"

மிதித்தார். புறவழிச்சாலையில் அந்தக் கார் வாங்கின நாளிலிருந்து போகாத வேகம் போனது. கிடங்கின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். நிகானோர் குனிந்து உள்ளே பாய்ந்தார், பின்னாலேயே லெயோனிலா.

கவுண்டருக்குப் பின்னால் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து ஆறேழு பேர் கோப்பையில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மின்சார அடுப்பில் ஒரு பெரிய பானை. மேஜையில் பிரித்த காகிதம், அதன் மேல் மூன்று வில்லைகள் மிச்சம்.

"நிறுத்துங்க! யாரும் முழுங்காதீங்க!"

வேன் ஓட்டுகிறவன், நிகானோர் கண்ணாடி போட்டவன், வாயில் இருந்ததைக் கோப்பையிலேயே துப்பினான். அத்தனை பேருக்கும் முகம் வெளிறியது.

"விஷமா ஐயா?"

"வெள்ளி!"

மேஜைக்குப் பாய்ந்து மூன்று வில்லைகளையும் ஒவ்வொன்றாக உடைத்தார். சாக்லேட், சாக்லேட், சாக்லேட். பானையில் கரண்டியை விட்டுத் துழாவினார். அடியில் பட்டைத் துண்டு ஒன்று அகப்பட்டது. அவ்வளவுதான். கரண்டியைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார்.

"அதைத் தேடிட்டா வந்தீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கழுவுதொட்டிப் பக்கமிருந்து பிரிகிதா முழங்கை வரை நுரையோடு எட்டிப் பார்த்தாள். "நான் உங்களுக்குப் போன் பண்ணிட்டே இருக்கேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க. கடையும்போது மத்துல டக்கு டக்குன்னு தட்டுச்சு. மேல பிளாஸ்டிக் தாள் வேற மெதந்துச்சு. எடுத்துப் பாத்தா காசு! எனக்குக் கைகால் ஓடலை. ஒரே பாலும் பிசுக்குமா இருந்துச்சு தோன் நிகானோர். அப்படியே எப்படிக் குடுக்கறதுன்னு எலுமிச்சையும் உப்பும் போட்டு, கம்பி நாரால நல்லாத் தேய்ச்சு வெச்சிருக்கேன். பாருங்க, புதுசாட்டம் மின்னுது!"

நுரை ஒழுக ஒழுக நீட்டினாள். மின்னியது. சிறகு விரித்த பெண்ணின் மேல் குறுக்கும் நெடுக்கும் ஆயிரம் கீறல், ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தில் தனித்தனியாக மின்னியது.

காசு சேர்க்கிறவனிடம் போய்க் கேட்டால் தெரியும். காசைத் துடைக்கவே கூடாது. விரல் படக் கூடாது. மூச்சுக் காற்றுகூடப் படக் கூடாது. தேய்த்த காசு செத்த காசு. கையுறை போடாமல் ஒரு காசைத் தொட்டறியாத நிகானோர், கம்பி நார் போட்டுத் தேய்த்த தொண்ணூற்றெட்டைப் பார்த்தபடி நின்றார். பிரிகிதாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. இந்தப் பெண்ணை இவர் எப்படித் திட்டுவார்?

லெயோனிலா காசை வாங்கி, சுருள் உருளைகள் ஆடக் குனிந்து, கீழே பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு. வருஷம் அழிஞ்சிடலையே கிழவா?"

"அழியலை."

"அப்புறம் என்ன? இதை விக்கவா போற?"

நிகானோர் குனிந்து காசைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்து யாரும் இந்தக் காசுக்கு விலை கேட்கப்போவதில்லை, எந்த ஆல்பத்திலும் இது ஏறப்போவதில்லை. நாளைக்கு ஒருத்தியின் கையில் விழ வேண்டும், அவ்வளவுதான் இதற்கு வேலை. அதை நினைத்ததும் நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. கீறலாவது கத்தரிக்காயாவது, கிடைத்துவிட்டது! பிரிகிதாவை நுரையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். வேன்காரன் துப்பியதையே மறுபடி எடுத்துக் குடித்தான். ஒரு கோப்பை நிகானோருக்கும் வந்தது. நல்ல சாக்லேட்தான், எலெவுதேரியோ குறை வைக்கவில்லை.

அன்று சாயங்காலமே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். 'நான் ஒரு கழுதை' என்று தொடங்கினார். ஆயிரத்து இருநூறு பேர் ஆமோதித்தார்கள். எலெவுதேரியோ மட்டும், 'பரவாயில்லை. கல்யாணத்துக்கு வாழ்த்து' என்று எழுதினார்.

மறுநாள் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கோயில் பக்க அறையில் நிகானோர் மரப்பெட்டியைத் திறந்து கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தார். பன்னிரண்டு காசுகள் அதனதன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தூசி படாமல் ஜம்மென்று இருந்தன. அப்படியே கூட்டோடுதான் கொட்ட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியும் வைத்திருந்தார். ஒன்றோடொன்று உரசினால் கீறல் விழுமே. பதின்மூன்றாவது மட்டும் கூடு இல்லாமல் வெற்றுடம்போடு கிடந்தது. அதைக் கையில் எடுத்தார். வெறும் கையால். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. உள்ளங்கைச் சூடு அதில் ஏறியது. வெள்ளி இவ்வளவு சீக்கிரம் சூடு வாங்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

முதல் கூட்டைக் கட்டை விரலால் நெம்பித் திறந்தார். இரண்டாவதையும் திறந்தார்.

"கிழவா, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றாள் லெயோனிலா.

"பேசாம இந்த ஆறையும் நீ திற. நேரமில்லை."

மாப்பிள்ளை காசுகளைக் கொட்டினான். பதின்மூன்று அவுன்ஸ் சுத்த வெள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக, யாரெட்சியின் குவித்த கையில் விழுந்தது. கோயிலில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். கனம் தாங்காமல் அவள் கை தாழ்ந்தது. சாமியார் அடுத்த ஜெபத்துக்கு வாயைத் திறந்தார், அவள் கவனிக்கவில்லை. குனிந்து காசுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மாப்பிள்ளை காதில் என்னவோ சொன்னான், "இரு" என்றாள். சாமியார் காத்திருந்தார். கோயில் மொத்தமும் காத்திருந்தது. மூன்றாவது வரிசையில் நிகானோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் விரல் ஒரு காசில் நின்றது. கீறல் விழுந்த காசு. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாத்ரினோ!" என்று கல்யாணப் பெண் கோயிலே அதிரக் கத்தினாள். "வந்துடுச்சு!"

"வந்துடுச்சு மகளே!" என்று இவரும் கத்தினார்.

அவள் அந்த ஒன்றைத் தூக்கிக் காட்டிய வேகத்தில் இன்னொரு கை சரிந்து, காசு ஒன்று நழுவிக் கல் தரையில் விழுந்து, கணகணவென்று கதவு வரைக்கும் உருண்டு ஓடியது. பிள்ளைகள் துரத்தினார்கள். பெரியவர்கள் காலைத் தூக்கினார்கள். அது எந்த வருஷத்துக் காசு என்று நிகானோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் யாரெட்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.